கரடியின் அடிப்பக்கத்தில் ஓர் எண்

கேள்வி சுருக்கமாக இது: "டொரண்டோவில் ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள். அங்கே பச்சைக் கல்லில் செதுக்கிய கரடி ஒன்று வாங்கினேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, நல்ல கனம். அடியில் ஓர் எண்ணும், முக்கோணமும் கொக்கியுமாக நாலைந்து எழுத்துகளும் கீறியிருக்கின்றன. எஸ்கிமோக்களின் ஆயிரம் வருடத்துப் பாரம்பரியக் கலை என்று விற்றவர் சொன்னார். இதெல்லாம் 1950-களில் அரசாங்கம் டூரிஸ்டுகளுக்காகக் கிளப்பிவிட்டது என்கிறார் என் நண்பர். யார் சொல்வது சரி? என் கரடி அசல்தானா?"

கரடியை இன்னொரு முறை கவிழ்த்துப் பாருங்கள். மூஞ்சியை வைத்து அசலா போலியா என்று சொல்ல எனக்குத் தெரியாது. அடிப்பக்கத்தைப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். உங்கள் இரண்டாவது கேள்விக்கும், யார் சொல்வது சரி என்ற முதல் கேள்விக்கும்கூட, பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

அந்த எண் ஆங்கில 'ஈ' எழுத்தில் தொடங்கி, பக்கத்தில் 7, ஒரு சின்னக் கோடு, அப்புறம் மூன்று நான்கு இலக்கங்கள் என்று இருந்தால், அது விலையும் இல்லை, கடைக்காரரின் கணக்கும் இல்லை. செதுக்கியவரின் அடையாள எண். 1941 முதல் கனடா அரசு இனுயிட் மக்கள் (எஸ்கிமோ என்று முன்பு சொல்லப்பட்டவர்கள்) ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தது. அழுத்திய நாரால் செய்த வட்ட வில்லை, நாணயம் போல இருக்கும். நடுவில் கிரீடம், மேலே ஒரு துளை. கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், சட்டையில் தைத்துக்கொள்ளலாம், தொலைக்கக் கூடாது. கிழக்கு ஆர்க்டிக் என்றால் 'ஈ', மேற்கு என்றால் 'டபிள்யூ'. அதற்கடுத்த எண் வட்டாரம். 7 என்றால் பாஃபின் தீவின் தெற்குப் பகுதி, 9 என்றால் வட கியூபெக், 2 என்றால் பேக்கர் லேக் என்ற ஊர்ப் பக்கம். மீதி இலக்கங்கள் ஆளுக்கு.

ஏன் எண்? வந்த அதிகாரிகளுக்கும் மருத்துவர்களுக்கும் அவர்களின் பெயர்களை எழுதத் தெரியவில்லை. ஒரே பெயரை ஒருவர் ஒரு மாதிரியும் அடுத்தவர் வேறு மாதிரியும் எழுதினார்கள். குடும்பப் பெயர் என்ற வழக்கமே அங்கே கிடையாது. இந்த இடத்தில் தமிழருக்கு விளக்கமே தேவையில்லை. ஏர்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு திகைத்து நின்று, கடைசியில் அப்பா பெயரை எழுதிவிட்டு வந்தவர்கள்தானே நாம்.

இனுயிட் பெயர் வைக்கும் முறை இன்னும் ஆழமானது. சமீபத்தில் இறந்த ஒருவரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பார்கள். ஆண் பெயர், பெண் பெயர் என்ற பிரிவு இல்லை. பெயரோடு அந்த ஆளும் கொஞ்சம் வந்துவிடுகிறார். இறந்துபோன கணவரின் பெயர் வைத்த பேத்தியைப் பாட்டி 'என் வீட்டுக்காரரே' என்று கூப்பிடுவதுண்டு. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் 'பெயரன்' நம் பேச்சில் 'பேரன்' ஆனான். மாமனார் பெயர் வைத்த பிள்ளையைப் பெயர் சொல்லித் திட்ட முடியாமல் தவித்த மருமகள்கள் நம் வீடுகளிலும் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு மக்களின் கழுத்தில் எண்ணை மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த எண் ஆட்சி 1970 வாக்கில் முடிவுக்கு வந்தது. எண்ணை எடுத்துவிட்டுக் குடும்பப் பெயர் வைக்கும் திட்டம் 1968-இல் தொடங்கியது. ஏப் ஒக்பிக் என்ற இனுயிட் தலைவர் மூன்று வருடம் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பேசிப் பெயர்களைப் பதிந்தார். சிலர் அப்பா பெயரை எடுத்துக்கொண்டார்கள், சில பெண்கள் கணவர் பெயரை. அதனால் ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு வேறு பெயர் என்று இன்றைக்கும் உண்டு.

ஆக, உங்கள் கரடியில் எண் இருந்தால் அது பெரும்பாலும் 1970-களுக்கு முந்தையது. எண் இல்லாமல் எழுத்து மட்டும் என்றால் பிந்தியதாக இருக்கலாம். இதைச் சத்தியம் செய்து சொல்ல முடியாது. பழக்கத்தில் எண்ணையே தொடர்ந்து கீறியவர்களும் உண்டு, எதையுமே கீறாமல் விட்டவர்களும் உண்டு.

முக்கோணமும் கொக்கியும் இனுயிட் பேசும் இனுக்டிடுட் மொழியின் எழுத்து. 19-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் கிரீ என்ற பூர்வகுடி மக்களுக்காக உண்டாக்கியதை, பின்னால் வந்த பாதிரிமார்கள் இனுக்டிடுட்டுக்குத் திருத்தினார்கள். நம் உயிர்மெய் மாதிரிதான், ஆனால் கொம்பும் காலும் கிடையாது. எழுத்தையே திருப்பிவைப்பார்கள். கூரை போன்ற ஒரு வடிவம். நுனி மேலே பார்த்தால் 'பி', வலது பக்கம் பார்த்தால் 'பு', இடது பக்கம் பார்த்தால் 'ப'. உயிர் மூன்றே மூன்று: இ, உ, அ. மெய் தனியாக வந்தால் சின்ன எழுத்தாகத் தூக்கி ஓரத்தில் போடுவார்கள், நம் புள்ளியின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிய நேரம் உட்கார்ந்தால் உங்கள் கரடிக்காரரின் பெயரை நீங்களே எழுத்துக்கூட்டிவிடலாம்.

இனி, யார் சொல்வது சரி என்ற விஷயம்.

ஆர்க்டிக்கில் செதுக்குவது புதிதல்ல. இனுயிட்டுக்கு முன்னால் அங்கே வாழ்ந்த டோர்செட் பண்பாட்டு மக்கள் வால்ரஸ் தந்தத்தில் விரல் நீளக் கரடிகள் செய்திருக்கிறார்கள். நீந்துவது போலவோ பறப்பது போலவோ உடலை நீட்டிக்கொண்டு, மேலே எலும்புக்கூடு போல் கோடுகள் கீறிய கரடிகள். அந்தப் பண்பாட்டுக்கு 1925-இல் பெயர் வைத்தவர் டயமண்ட் ஜெனஸ் என்ற மானுடவியலாளர். பெயர் கேப் டோர்செட் என்ற ஊரிலிருந்து வந்தது. உங்கள் கரடியும் அதே ஊர்ப் பக்கமாக இருக்கலாம், அதற்கு வருகிறேன். பிறகு அலாஸ்காவிலிருந்து கிழக்கே பரவிய தூலே மக்கள்தான் இன்றைய இனுயிட்டின் முன்னோர். அவர்கள் சீப்பு, ஊசிக்கூடு, ஈட்டியின் பாகங்கள் என்று கையில் புழங்கியவற்றில் வேலைப்பாடு செய்தார்கள்.

எல்லாமே சின்னச் சாமான்கள். காரணம் எளிது. பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிறவர்கள், நாய்வண்டியில் ஏற்றிப் போக வேண்டும். இருபது கிலோ கரடியை யார் இழுப்பது? ஷோகேஸில் வைக்கிற அளவுக்குக் கல்லில் பெரிய சிற்பம் என்பது, ஓர் இடத்தில் தங்கி அதை வாங்க ஆளும் வந்த பிறகு பிறந்தது.

கல் மட்டும் அவர்களுக்குப் பழைய கூட்டாளி. மாக்கல்லைக் குடைந்து பானையும் விளக்கும் செய்தார்கள். குல்லிக் என்பார்கள் அந்த விளக்கை. பிறை வடிவம், சீல் கொழுப்பு எண்ணெய், நேர் விளிம்பில் வரிசையாகப் பாசியும் ஆர்க்டிக் பஞ்சும் கலந்த திரி. வெளிச்சம், சூடு, சமையல், ஈர உடுப்பைக் காயவைப்பது எல்லாம் அதில்தான். திரியைத் தட்டித் தட்டிப் புகையாமல் எரியவிடுவது பெண்களின் கைத்திறன். நம் பாட்டிமார் புளிக்குழம்பு வைத்த கல்சட்டியும் இதே மாக்கல் இனம்தான்.

சிற்பத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும்: சனன்குவாக். 'சன' என்றால் செய்வது. பின்னால் ஒட்டும் 'ன்குவாக்' என்பதற்கு 'அது மாதிரி, அதன் போலி, விளையாட்டுக்கு' என்றெல்லாம் பொருள். குழந்தைகளின் செப்புச் சாமான் எப்படி நிஜப் பாத்திரத்தின் குட்டியோ அப்படி. கற்களை அடுக்கி நிறுத்தும் வழிகாட்டிக்கு இனுக்சுக் என்று பெயர். வேட்டைக்காரருக்கு வழியும் மீன் கிடைக்கும் இடமும் காட்டும். கை கால் வைத்து மனித உருவத்தில் அடுக்கினால் அது இனுன்குவாக், 'ஆள் மாதிரி' ஒன்று. 2010 வான்கூவர் ஒலிம்பிக் சின்னத்தில் இருந்தது இரண்டாவது வகை. சாவிக்கொத்தில் தொங்குவதும் அதுவே.

உங்கள் நண்பர் சொல்லும் 1950-கள் கதைக்கும் ஆதாரம் உண்டு. ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற இளம் ஓவியர் 1948-இல் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில் இனுக்ஜுவாக் என்ற ஊருக்குப் போனார். மருத்துவ அவசரத்துக்குப் போன விமானத்தில் ஓசியில் ஏறிக்கொண்டவர். அங்கே உட்கார்ந்து ஆட்களை வரைந்தார். பதிலுக்கு ஒருவர் கையில் பொத்தி வைத்திருந்த சின்னக் கல் கரிபூ மானை நீட்டினார். ஹூஸ்டன் மேலும் சிலவற்றை வாங்கி மான்ட்ரியலுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த கைவினைச் சங்கம் காசு கொடுத்துத் திரும்ப அனுப்பியது. 1949 நவம்பரில் மான்ட்ரியலில் விற்பனை, மூன்று நாளில் எல்லாம் தீர்ந்தது.

அரசாங்கம் ஏன் நடுவில் வந்தது? வடக்கில் அப்போது காசு என்பது வெள்ளை நரித்தோல்தான். 1940-களின் இறுதியில் அதன் விலை விழுந்துவிட்டது. கடனில் ஓடிக்கொண்டிருந்த குடும்பங்கள் நின்றுபோயின, உதவித்தொகை கொடுக்க வேண்டி வந்தது. அதைக் குறைக்க ஒரு வழி கிடைத்தால் எந்த அதிகாரிதான் விடுவார்? 1951-இல் எதைச் செய்தால் விற்கும் என்று படம் போட்டு ஒரு சிறு கையேடு அடித்துக் கொடுத்தார்கள். அதில் ஆர்க்டிக்கில் இல்லவே இல்லாத டோட்டம் கம்பம்கூட இருந்தது. உருவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கிய அந்த மரக்கம்பம் பசிபிக் கரை மக்களுடையது. அதைப் பார்த்து மினியேச்சர் டோட்டம் கம்பம் செதுக்கியவர்களும் இருந்தார்கள் என்பது இந்த வரலாற்றின் சங்கடமான நகைச்சுவை.

ஆனால் 'அரசாங்கம் கிளப்பிவிட்டது' என்று அதோடு முடித்துவிட்டால், செய்தவர்களின் கை காணாமல் போய்விடுகிறது. அதே வருடங்களில் அதே அரசாங்கம் என்னவெல்லாம் செய்தது என்றும் பார்க்க வேண்டும். ஹூஸ்டன் இறங்கிய அதே இனுக்ஜுவாக்கிலிருந்து 1953-இல் சில குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிச் சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே, கிரைஸ் ஃபியோர்டிலும் ரெசல்யூட்டிலும் கொண்டுபோய் இறக்கினார்கள். மாதக்கணக்கில் சூரியனே வராத இடம். அவர்கள் வேட்டையாடிப் பழகிய விலங்குகள் பலவும் அங்கே இல்லை, பனியும் பழகிய பனி இல்லை. விரும்பினால் திரும்பலாம் என்று கொடுத்த வாக்கும் காப்பாற்றப்படவில்லை. 2010-இல் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த வருடம் இரண்டு ஊர்களிலும் நினைவுச் சிற்பம் எழுந்தது. ரெசல்யூட்டில் சிமியோனி அமகோவாலிக் செதுக்கிய ஆண், கிரைஸ் ஃபியோர்டில் லூட்டி பிஜாமினி செதுக்கிய பெண்ணும் பிள்ளையும்.

மற்ற ஊர்களிலும் பள்ளி, கடை, மருத்துவம் என்று சொல்லி மக்களைக் குடியிருப்புகளுக்கு இழுத்தார்கள். நாய்வண்டிகளின் நாய்களைப் போலீஸ் சுட்டது. பாஃபின் பகுதி இனுயிட் தாங்களே ஓர் உண்மை ஆணையம் வைத்து இதையெல்லாம் பதிந்தார்கள், 2019-இல் அதற்கும் மன்னிப்பு வந்தது. நாய் போனால் வேட்டைக்குப் போக முடியாது. குடியிருப்பில் உட்கார்ந்தால் வாடகை, எண்ணெய், மாவு, துப்பாக்கிக் குண்டு எல்லாவற்றுக்கும் காசு. அந்த நேரத்தில் கையில் இருந்தது கல்லும், விலங்கின் ஒவ்வொரு மூட்டும் எப்படி அசையும் என்ற அறிவும். வாங்குகிறவருக்காகச் செய்தார்கள் என்பது உண்மைதான். சோழர் காலத்து ஸ்தபதியும் கூலி வாங்கித்தான் வார்த்தார், அதனால் நடராஜர் போலியாகிவிடவில்லை.

கேப் டோர்செட்டுக்கு வருகிறேன். பாஃபின் தீவின் தென்மேற்கு ஓரத்தில் சுமார் 1,400 பேர் வாழும் ஊர். 2020-இல் தன் சொந்தப் பெயரான கின்கைட் என்பதை அதிகாரபூர்வமாகத் திரும்ப எடுத்துக்கொண்டது, மலைகள் என்று பொருள். இந்த ஊர் இருக்கும் நுனாவுட் பிரதேசம் தமிழ்நாட்டைப் போல் சுமார் 15 மடங்கு. மக்கள் மொத்தம் ஏறக்குறைய 40,000 பேர், 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ரோடு கிடையாது. விமானம், கோடையில் படகு, குளிரில் ஸ்னோமொபைல்.

1957 குளிர்காலத்தில் இந்த ஊரில் நடந்ததாக ஹூஸ்டன் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஒசுயிடோக் இபீலி என்ற பெரிய சிற்பி இரண்டு சிகரெட் பெட்டிகளை அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் ஒரே மாலுமியின் தலை. ஒவ்வொரு பெட்டியிலும் பிசகில்லாமல் அதே தலையை வரைகிறவனுக்கு எவ்வளவு அலுப்பாக இருக்கும் என்று கேட்டாராம். அச்சு என்றால் என்னவென்று வாயால் விளக்க முடியாமல், ஒசுயிடோக் தந்தத்தில் கீறியிருந்த வடிவத்தின் மேல் ஹூஸ்டன் மையைத் தடவி, கழிப்பறைக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்துக் காட்டினார். பிறகு ஜப்பானுக்குப் போய் உனிச்சி ஹிராட்சுகா என்ற மரச்செதுக்கு அச்சுக் கலைஞரிடம் படித்துவிட்டு, காகிதத்தோடு திரும்பினார். 1959-இல் அச்சுப் படங்களின் முதல் பட்டியலிட்ட தொகுப்பும் கூட்டுறவுச் சங்கமும் வந்தன. அன்றிலிருந்து அந்த ஊர் வருடந்தோறும் ஒரு தொகுப்பு வெளியிட்டு வருகிறது.

அந்தக் கல் அச்சு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒருவர் காகிதத்தில் வரைகிறார். அந்தக் கோட்டை இன்னொருவர் சமமாகத் தேய்த்த கல்பலகையில் இடம் வலமாக மாற்றிப் பதிகிறார். கோடும் உருவமும் மேடாக நிற்கச் சுற்றியுள்ள கல்லைக் கொத்தி எடுக்கிறார். கை தவறி ஒரு சிறகு நுனி பெயர்ந்தால் பல நாள் வேலை போச்சு. அப்புறம் சின்ன உருளைகளால் மை. ஒரே கல்லில் சிவப்பு இங்கே, கறுப்பு அங்கே, நடுவில் இரண்டும் குழைய வேண்டிய இடத்தில் குழைய. மேலே மெல்லிய ஜப்பானியக் காகிதம். இயந்திரம் கிடையாது, சீல் தோல் போர்த்திய சின்னத் திண்டால் கையால் தேய்க்கிறார்கள். ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரித்தால் ஒரு பிரதி. கல்லைத் துடைத்து, மறுபடி மை. இப்படி 50. ஐம்பது முடிந்ததும் கல்லில் இருக்கும் படத்தை அழித்துவிடுகிறார்கள், ஐம்பத்தொன்றாவது வராது. ஓரத்தில் வரைந்தவரின் பெயரும் கல் செதுக்கியவரின் பெயரும் தனித்தனி முத்திரையாக விழும், ஜப்பானிய வழக்கப்படி.

இதில் மிகப் புகழ்பெற்ற பெயர் கெனோஜுவாக் அஷேவாக். 1927-இல் பிறந்தவர், 2013-இல் காலமானார். அவருடைய வில்லை எண் ஈ7-1035. காசநோய் என்று 1952-இல் கியூபெக் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, 1955 வரை அங்கே கிடந்தார். அவர் அங்கே இருக்கும்போது ஊரில் அவருடைய குழந்தைகள் இறந்தார்கள். இது தனிப்பட்ட ஒருவரின் துயரம் மட்டுமல்ல. 1950-களின் நடுவில் கனடாவின் இனுயிட் மக்களில் ஏழில் ஒருவர் தெற்கே மருத்துவமனைகளில் இருந்தார்கள். கப்பலிலேயே எக்ஸ்-ரே எடுத்து, நோய் தெரிந்தால் கரைக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொள்ளக்கூட விடாமல் கூட்டிப்போனதுண்டு. திரும்பாதவர்களின் கல்லறை எங்கே என்று குடும்பங்கள் இன்றும் தேடுகின்றன.

ஊருக்குத் திரும்பிய கெனோஜுவாக் ஊசி வேலையிலிருந்து பென்சிலுக்கு வந்தார். ஓர் ஓரத்தில் தொடங்குவேன், முழு உருவம் என்னவாகும் என்று எனக்கே தெரியாது என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். 1960-இல் வந்த அவருடைய 'மாய ஆந்தை' அப்படி ஒரு கோடு. வட்டக் கண், தலையைச் சுற்றி வெடித்துக் கிளம்பும் சிறகு, பின்னால் சாமரம் போல் உயர்ந்து வளையும் வால். 25 பிரதிகள் சிவப்பும் கறுப்பும், 25 பச்சையும் கறுப்பும். 1970-இல் தபால்தலையில் வந்தது. 2017-இல் கனடாவின் 150-ஆம் ஆண்டு 10 டாலர் நோட்டின் பளபளக்கும் பகுதியில் வந்தது அவருடைய வேறொரு ஆந்தை. கனடாவில் இருப்பவர்கள் அவருடைய படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்திருக்கலாம்.

மாய ஆந்தையின் ஒரு பிரதி 2001-இல் 58,650 டாலருக்கும், 2018-இல் இன்னொன்று 216,000 டாலருக்கும் ஏலம் போனது. அதில் அவருக்கோ குடும்பத்துக்கோ சட்டப்படி ஒரு பங்கும் கிடையாது. மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு என்ற உரிமை பல நாடுகளில் உண்டு. கனடாவில் அதைப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். வருடத் தொகுப்பில் எந்த அச்சு போகலாம், எது கூடாது என்று பார்க்க 1961 முதல் தெற்கே ஒரு குழு உட்கார்ந்திருந்தது. பனி, கரடி, ஆவி, வேட்டை என்றால் 'எஸ்கிமோத்தனம்' உண்டு என்று ஏற்பார்கள். வீட்டில் பிளைவுட் சுவரும் ரேடியோவும் வந்துவிட்ட காலத்தில், வாங்குபவருக்கு வேண்டியதோ இக்லூ என்ற பனிவீடு. (எஸ்கிமோ என்ற சொல்லைக் கனடாவில் இப்போது பயன்படுத்துவதில்லை. இனுயிட் என்றால் மக்கள், ஒருவர் என்றால் இனுக். உங்கள் கேள்வியில் இருந்ததைக் குற்றமாகச் சொல்லவில்லை, பழைய சீட்டுகளிலும் அப்படித்தான் இருக்கும்.)

வாங்குபவரின் அந்த எதிர்பார்ப்பை உடைத்தவர் அதே கின்கைட்டைச் சேர்ந்த ஆனி புடுகுக். அவருடைய பாட்டி பிட்சியோலாக் அஷூனா, கணவர் இறந்தபின் பிள்ளைகளை வளர்க்க வரையத் தொடங்கி ஆயிரக்கணக்கான படங்களை விட்டுப்போனவர். பாட்டி வரைந்தது தான் வாழ்ந்த பழைய கூடார வாழ்க்கையை. பேத்தியும் தான் வாழ்ந்ததைத்தான் வரைந்தார். அது வேறாக இருந்தது, அவ்வளவுதான். கலர் பென்சிலில் சமையலறை, சுவர்க் கடிகாரம், டிவியில் அமெரிக்க டாக் ஷோ, தரையில் அட்டையை விரித்துச் சீல் இறைச்சி உண்ணும் குடும்பம். குடித்துவிட்டு அடிக்கும் ஆணையும், அடி வாங்கும் பெண்ணையும்கூட. 2006-இல் கனடாவின் சோபி கலை விருது, அடுத்த வருடம் ஜெர்மனியில் டாக்குமெண்டா கண்காட்சி. 2016-இல் ஒட்டாவாவில் ஆற்றில் பிணமாகக் கிடந்தார், வயது 47. அவருடைய உறவுக்காரரான ஷுவினாய் அஷூனா கின்கைட்டிலேயே இருந்து வரைகிறார். பூமி உருண்டையைப் பிரசவிக்கும் பெண், ஆக்டோபஸ் கைகளோடு ஊரார் என்று அவருடையது தனி உலகம். 2022 வெனிஸ் பியனாலேயில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. 'பாரம்பரியமா?' என்று இவர்களிடம் கேட்டால் என்ன சொல்வார்களோ. என்னைக் கேட்டால், பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போனது ஆந்தையும் கரடியும் அல்ல, தன் கண்ணால் பார்த்ததை வரையும் துணிச்சல்.

சரி, உங்கள் கரடி.

பச்சைக் கல் என்கிறீர்கள். கின்கைட் சிற்பிகள் பெரும்பாலும் பயன்படுத்துவது செர்பண்டைன், மாக்கல்லைவிடக் கடினமானது. கோரோக் என்ற கடற்கழிக்குப் படகில் போய் வெட்டி எடுத்து வருவார்கள். முன்பு கோடரியும் அரமும், இப்போது கிரைண்டர். குளிரிலும் வெளியே நின்றுதான் வேலை, தூசி அப்படி. கடினமான கல் என்பதால் மெல்லிய கால், நீட்டிய கழுத்து, ஒற்றைக் காலில் ஆடும் கரடி என்று துணிந்து செய்ய முடிகிறது. பேக்கர் லேக் பக்கம் கறுத்து உறுதியான கல், கனத்த உருவங்கள். அந்த ஊருக்குச் சிற்பத்தோடு துணிச் சித்திரமும் பெருமை. ஜெஸ்ஸி ஊனார்க் கம்பளித் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த பிரம்மாண்டமான ஒன்று ஒட்டாவாவின் தேசியக் கலை மையத்தில் தொங்குகிறது.

போலி எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்த ஒருவர் ஊருக்குப் போகும்போது சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு டூரிஸ்ட் கடையில் எட்டுக் கரடி வாங்கினார். வீட்டுக்கு வந்து மேசையில் வரிசையாக வைத்தபோதுதான் தெரிந்தது, எட்டுக்கும் இடது காது நுனியில் ஒரே சிராய்ப்பு. அச்சில் ஊற்றிய பிசின், கொஞ்சம் கல்தூள். அட்டையில் 'இனுயிட் பாணி' என்று இருந்தது, 'பாணி' என்ற சொல்தான் அங்கே சூட்சுமம். நிஜக் கல் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், அளவுக்கு மீறிக் கனக்கும். வயிற்றில் ஒட்டுக்கோடு இருக்காது. சந்தேகம் தீராவிட்டால் ஊசியைச் சூடாக்கி அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துப் பாருங்கள். பிசின் இளகும், கல் சும்மா இருக்கும்.

புதிதாக வாங்குவதென்றால் இக்லூ படம் போட்ட சீட்டைக் கேளுங்கள். 1958-இல் அரசு கொண்டுவந்த முத்திரை, 2017 முதல் இனுயிட் கலை அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. கலைஞர் பெயர், ஊர் இரண்டும் அதில் இருக்கும். பழைய உருப்படிகளில் சீட்டு தொலைந்திருப்பது சகஜம், அதற்காகக் கவலை வேண்டாம். தந்தம், திமிங்கில எலும்பு என்றால் நாட்டை விட்டு எடுத்துப் போக அனுமதிச் சீட்டு தேவைப்படும், இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எண்ணையும் எழுத்தையும் நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள், கீறல் தெளிவாக விழும். இனுயிட் சிற்பங்களை ஏலம் விடும் டொரண்டோ நிறுவனங்களும் கேலரிகளும் வில்லை எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்துச் சொல்வார்கள். வின்னிபெக் பக்கம் போனால் கௌமாஜுக் என்ற இனுயிட் கலை மையத்தைப் பாருங்கள், 2021-இல் திறந்தது. நுழைந்ததும் மூன்று மாடி உயரக் கண்ணாடிப் பெட்டகம். ஆயிரக்கணக்கான சிற்பங்கள் நாற்புறமும் தெரிய அதில் நிற்கின்றன. நான் அங்கே கீழ்த்தட்டில் குனிந்து நின்று பார்த்தேன். கண்ணாடித் தட்டு என்பதால் சில உருவங்களின் அடிப்பக்கம் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. கல்சட்டி நினைவில் விளக்கெண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். தூசி ஒட்டும், கீறிய பெயரில் எண்ணெய் புகுந்து அடைத்துக்கொள்ளும். உலர்ந்த மென்துணி போதும்.